இரண்டாவது கார் வாங்குவதா, சைக்கிளும் மின்சார ரயிலுமாக மாறுவதா?

அஸ்தினாபுரத்தான் (கேள்வி):

வணக்கம். குரோம்பேட்டையை அடுத்த அஸ்தினாபுரத்தில் குடியிருக்கிறோம். என் அலுவலகம் நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. ஆறு ஆண்டுகளாகக் காரில்தான் போய்வருகிறேன். என் மனைவிக்கு வரும் மாதம் தரமணியில் புதிய வேலை தொடங்குகிறது. அவருடைய பயணத்துக்காக இன்னொரு சிறிய கார் வாங்கலாம் என்று முடிவு செய்து, வங்கிக் கடன் பேசி, விற்பனையாளரிடம் முன்பணமும் கட்டிவிட்டோம். கட்டிவிட்டு வீட்டுக்கு வந்த இரவில் செலவுக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் எனக்குத் தயக்கம் வந்தது.

போக வர ஒரு நாளைக்கு 44 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். மாதம் 24 வேலை நாட்கள் என்றால் ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டிவிடுகிறது. நெரிசலில் லிட்டருக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் கிடைப்பதில்லை. பெட்ரோல் விலையை லிட்டருக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட எரிபொருளுக்கு மட்டும் மாதம் 8,000 ரூபாய் போகிறது. காப்பீடு, பராமரிப்பு, அலுவலகத்துக்கு அருகே தனியார் இடத்தில் வண்டி நிறுத்தும் வாடகை எல்லாம் இதற்கு மேல். பணத்தைவிட எனக்கு உறுத்துவது நேரம்தான். காலையில் கத்திப்பாராவைத் தாண்டி அலுவலகம் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. மாலையில் வீட்டுக்கு வந்தால் மகளின் பாடத்தைப் பார்க்கக்கூடப் பொறுமை இருப்பதில்லை.

வீட்டிலிருந்து ரயில் நிலையம் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். அந்தத் தூரத்தைச் சைக்கிளில் கடந்து ரயிலேறுவது அன்றாடம் நடக்கக்கூடிய காரியமா? வியர்வை, மழை, சைக்கிளின் பாதுகாப்பு ஆகியவற்றை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? என் மனைவி தரமணிக்குப் போக என்ன வழி? எங்களுடன் 74 வயதான தந்தையும் இருக்கிறார்; அவரை மாதம் இருமுறை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பல்லாவரம் பயணி:

நண்பருக்கு வணக்கம். நான் ஏழு ஆண்டுகளாகப் பல்லாவரத்திலிருந்து சேத்துப்பட்டுக்குச் சைக்கிளும் மின்சார ரயிலுமாகப் போய்வருகிறேன். நீண்ட தூரத்தை ரயில் பார்த்துக்கொள்ளும். கடற்கரை, தாம்பரம் தடத்தில் 1931 முதல் மின்சார ரயில் அந்த வேலையைச் செய்துவருகிறது. குரோம்பேட்டையில் ஏறினால் ஏறத்தாழ 35 நிமிடங்களில் நுங்கம்பாக்கத்தில் இறங்கிவிடலாம். மாதச் சீட்டு எடுத்தால் சில நூறு ரூபாய்க்குள் ஒரு மாதம் முடிந்துவிடும். இவ்வளவு வசதி இருந்தும் நம்மில் பலர் காரில் ஏறுவதற்குக் காரணம் வீட்டுக்கும் நிலையத்துக்கும் இடையிலுள்ள அந்த மூன்று கிலோமீட்டர்தான். நடந்தால் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். ஷேர் ஆட்டோவோ நிறைந்தால்தான் கிளம்பும். சைக்கிளில் 12 அல்லது 15 நிமிடங்கள் போதும். எத்தனை மணிக்குக் கிளம்பினால் எந்த வண்டியைப் பிடிக்கலாம் என்று ஒரு வாரத்தில் உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

வண்டி வாங்கும்போது கடைக்காரர் கியர் வைத்த, குனிந்து ஓட்டும் வகையைக் காட்டுவார். அதை வாங்க வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டக்கூடிய, முழுச் செயின் கவர், இரண்டு மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, மணி எல்லாம் உள்ள சாதாரண வண்டிதான் அலுவலகம் போகிறவருக்கு ஏற்றது. பேன்ட்டின் கால் செயினில் மாட்டாது. மழைநாளில் பின்சக்கரம் வாரியடிக்கும் சேறு முதுகில் படாது. முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம் வேண்டும். வாரம் ஒருமுறை காற்றடியுங்கள். காற்றுக் குறைந்த டயரோடு மிதித்துவிட்டு சைக்கிளே கடினம் என்று விட்டுவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பூட்டு விஷயத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். என் முதல் சைக்கிளை ஒரு நிலைய வாசலில் முன்சக்கரத்தோடு மட்டும் சேர்த்துக் கம்பியில் பூட்டியிருந்தேன். மாலையில் வந்து பார்த்தபோது முன்சக்கரமும் பூட்டும் மட்டும் கம்பியில் இருந்தன. நட்டைக் கழற்றி மற்ற எல்லாவற்றையும் கொண்டுபோயிருந்தார்கள். அன்று முதல் கனமான சங்கிலியை வண்டியின் சட்டம், பின்சக்கரம், ஊன்றிய கம்பி மூன்றையும் சுற்றிப் பூட்டுகிறேன். கட்டணம் வாங்கும் காப்பகம் இருந்தால் அங்கேயே விடுங்கள். மிகச் சிறிய செலவு அது.

வியர்வை பெரும்பாலும் அவசரத்தால் வருவது. ஐந்து நிமிடம் முன்னதாகக் கிளம்பி மெதுவாக மிதித்தால் சித்திரை, வைகாசி தவிர்த்த மாதங்களில் சட்டை நனைவதில்லை. அந்த இரண்டு மாதங்களில் மட்டும் பனியனோடு மிதித்துப் போய், அலுவலகத்தில் முகம் கழுவி, ஈரத்துணியால் கழுத்தையும் கையையும் துடைத்துவிட்டு, பையில் மடித்து வைத்திருக்கும் சட்டையை மாட்டிக்கொள்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மேலும் கீழும் தனித்தனியாக உள்ள மழை உடை வேண்டும். நீண்ட ஒற்றைக் கோட்டு சக்கரத்தில் சிக்கும். முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் நாளில் சைக்கிளை எடுக்கவே வேண்டாம், ஏனென்றால் தண்ணீருக்கு அடியில் திறந்த பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆண்டில் அப்படிப்பட்ட நாட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அன்று ஆட்டோவில் போங்கள்.

புதுகைப் பெண்:

ஐயா, உங்கள் மனைவியின் பயணத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் நானும் தரமணியில்தான் வேலை பார்க்கிறேன். வேளச்சேரி வரை பேருந்தில் வந்துவிட்டால் அங்கிருந்து பறக்கும் ரயிலில், அதாவது மேம்பாலத்தில் ஓடும் மின்சார ரயிலில், பெருங்குடி, அடுத்தது தரமணி. உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும். 2021 மே மாதம் முதல் மாநகரச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் பேருந்துக்கான செலவும் இல்லை. 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் பேருந்து, மின்சார ரயில், மெட்ரோ எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் சீட்டு எடுக்கலாம். வண்டி மாறிப் போகிறவர்களுக்கு அது பெரிய உதவி.

ஆனால் முடிவு செய்யுமுன் அவர் எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று கேளுங்கள். பறக்கும் ரயில் நிலையங்கள் மிகப் பெரிய கட்டடங்கள். இரவு எட்டரைக்கு மேல் நீண்ட படிக்கட்டுகளில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடுகிறது. நான் தாமதமாகக் கிளம்பும் நாட்களில் உடன் வேலை பார்க்கும் இருவரோடு சேர்ந்துதான் வருகிறேன். பெண்கள் பொதுப் போக்குவரத்தை விட்டுப் போவதற்குக் கட்டணத்தைவிடப் பெரிய காரணம் வெளிச்சமில்லாத இந்தக் கடைசி 200 மீட்டர்தான் என்பது என் உறுதியான கருத்து.

சைக்கிளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரி. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எங்கள் மாவட்டப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றார்கள். கல் குவாரியில் வேலை செய்த என் அம்மா அவர்களில் ஒருவர். பெண்கள் வண்டி கிடைக்காததால் குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் வண்டியில், அந்தக் கம்பியில் என்னை உட்கார வைத்துக்கொண்டு, சந்தைக்குப் போவார். அதுவரை பேருந்து வரும் நேரத்துக்காகவும் அப்பாவின் சம்மதத்துக்காகவும் காத்திருந்தவர் அவர். கார் வாங்கினால்தான் ஒரு பெண் தன் விருப்பப்படி போய்வர முடியும் என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குறுக்குக் கம்பிதான் நினைவுக்கு வருகிறது. பள்ளியில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி எத்தனையோ வீடுகளில் துருப்பிடித்து நிற்கிறது; அதைத் துடைத்து, டியூப் மாற்றி, பேருந்து நிறுத்தம் வரை ஓட்டினாலே பாதி வேலை முடிந்தது.

மடிப்பாக்கத்து மகன்:

மேலே சொன்னவற்றை மதிக்கிறேன். ஆயினும் இருக்கிற காரை விற்றுவிடும் எண்ணம் இருந்தால் அதைத் தள்ளிப்போடுங்கள். என் தாயாருக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ். சிகிச்சை முடிந்து வெளியே வரும்போது அவரால் பத்தடி நடக்க முடியாது. நடைமேம்பாலத்தின் படியோ பழைய பேருந்தின் உயரமான முதல் படியோ அவருக்கு ஏற முடியாத மலை. 2024 முதல் தாழ்தளப் பேருந்துகள் வரத் தொடங்கியிருப்பது உண்மைதான். ஆனால் அது நம் நிறுத்தத்துக்கு வரும் நேரமும் மருத்துவர் கொடுக்கும் நேரமும் பொருந்த வேண்டுமே.

இன்னொன்று, தெருவுக்குள் சைக்கிள் ஓட்டுவது வேறு, ஜி.எஸ்.டி. சாலை என்னும் நெடுஞ்சாலையில் ஓட்டுவது வேறு. சென்னை மாநகராட்சி 2014-இலேயே நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் நிதியில் 60 சதவீதத்தை அதற்கே செலவிட வேண்டும் என்று அதில் எழுதப்பட்டது. 2019-இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தபோது என் தாயார் சக்கர நாற்காலியில் கடை கடையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்த மகிழ்ச்சியை நான் மறக்கவில்லை. அது ஒரு சாலை. மற்றச் சாலைகளிலும் அப்படி வரும்வரை, தினமும் அலுவலகம் போகக் கார் வேண்டாம், முதியவருக்காக ஒரு கார் வீட்டில் நிற்கட்டும் என்பதே என் ஆலோசனை. இரண்டாவது கார் தேவையில்லை என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

உட்ரெக்ட் தமிழன்:

வேலை நிமித்தம் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் எட்டு ஆண்டுகளாக வசிக்கிறேன். பல்லாவரம் நண்பர் சொன்ன ஏற்பாட்டைத்தான் இந்த நாடு முழுவதும் செய்கிறார்கள். உட்ரெக்ட் மைய ரயில் நிலையத்தின் கீழே 12,500 சைக்கிள்கள் நிற்கும் மூன்று அடுக்குக் காப்பகம் இருக்கிறது. 2019-இல் முழுமையாகத் திறந்தார்கள். சைக்கிளில் ஏறியபடியே உள்ளே போய், பச்சை விளக்கு காட்டும் வரிசையில் காலியிடம் கண்டு நிறுத்திவிட்டு, படியேறினால் நடைமேடை. முதல் 24 மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. இறங்கும் ஊரில் ரயில்வேயின் வாடகைச் சைக்கிளை எடுத்துக்கொள்ளலாம்.

இதைக் கண்ட நம்மவர்கள், இவர்கள் சைக்கிளோடு பிறந்தவர்கள், நம் ஊருக்கு இது ஒத்துவராது என்கிறார்கள். அது உண்மையில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இங்கும் கார்தான் எதிர்காலம் என்று நம்பிச் சாலைகளை அகலப்படுத்தினார்கள். இதே உட்ரெக்டில் பழைய அகழியின் ஒரு பகுதியைத் தூர்த்து மோட்டார் சாலை போட்டார்கள். 1971-இல் மட்டும் சாலை விபத்துகளில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்பதுதான் அவர்கள் தங்கள் இயக்கத்துக்கு வைத்த பெயர். அடுத்து 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை விதித்தபோது, காலியான நெடுஞ்சாலைகளில் மக்கள் சைக்கிளிலும் ரோலர் ஸ்கேட்டிலும் போனார்கள். இன்றைய பாதைகள் அந்தப் போராட்டத்தால் வந்தவை. தூர்த்த அகழியையும் 2020-இல் மீண்டும் வெட்டித் தண்ணீர் விட்டார்கள்; சாலை இருந்த இடத்தில் இப்போது படகு போகிறது.

மடிப்பாக்கத்து நண்பரின் தாயாருக்காக ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இங்கே சைக்கிள் பாதைகளில் முதியவர்கள் மின்சாரச் சக்கர நாற்காலியில் போவதை அன்றாடம் பார்க்கிறேன். சைக்கிளுக்காகப் போட்ட வழுவழுப்பான, மேடுபள்ளம் இல்லாத பாதை அவர்களுக்கும் உதவுகிறது.

அஸ்தினாபுரத்தான்:

அனைவருக்கும் நன்றி. ஆறு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். இரண்டாவது கார் வாங்கவில்லை. முன்பணத்தில் 5,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். இருக்கும் கார் அப்பாவுக்காக நிற்கிறது.

முழுச் செயின் கவர் உள்ள சைக்கிளும் கனமான சங்கிலியும் வாங்கினேன். முதல் வாரம் தொடை வலித்தது. இரண்டாம் வாரத்தில் அது போய்விட்டது. வீட்டு வாசலிலிருந்து அலுவலக நாற்காலி வரை இப்போது ஒரு மணி ஐந்து நிமிடம் ஆகிறது. காரைவிடப் பத்து நிமிடம்தான் மிச்சம், ஆனால் அதில் அரைமணி நேரம் கையில் புத்தகத்தோடு போகிறது. நெரிசல் மிகுந்த வண்டியில் நின்றுகொண்டே படிக்க வேண்டியிருந்தாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது. மழையில் நான்கு நாட்கள் ஆட்டோவில் போனேன்.

என் மனைவி வேளச்சேரி வழியாகவே போகிறார். மாலை ஆறரை மணிக்குக் கிளம்ப அலுவலகத்தில் இசைவு பெற்றிருக்கிறார். பேருந்து நிறுத்தம் வரை தானும் சைக்கிளில் போக வேண்டும் என்கிறார். குறுக்குக் கம்பி இல்லாத பழைய வண்டி, துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்தில் யார் வீட்டிலாவது சும்மா நின்றால் தெரிவியுங்கள். உரிய விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறோம்.