மறு: ‘வடிவக் காரணி’க்குப் பதிலாகப் ‘பொருந்தமைவு’?

> கணினிப் பாகங்களுக்கான தமிழ்ச் சொற்களில் தாய்ப்பலகை, செயலி, மின்வழங்கி எல்லாம் முடிந்தது. ஒரு பாகத்தின் அளவையும் அது பொருந்தும் விதத்தையும் குறிக்கும் ஃபார்ம் ஃபேக்டருக்கு ‘வடிவக் காரணி’ என்றே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் என்பேன். காரணி என்றால் கணக்கில் மீதியின்றி வகுக்கும் எண். மற்ற இடங்களில் ஏதோ ஒன்றுக்குக் காரணமாக இருப்பது. இங்கே இரண்டுமே இல்லை. முதன்முறை கணினி பூட்டுகிறவர் கேட்பது ஒன்றுதான்: இந்த போர்டு இந்த கேபினட்டில் உட்காருமா? நீள அகலத்தோடு, திருகுத் துளைகள் எங்கே, பின்பக்கச் செருகுவாய்கள் எங்கே என்பதும் அந்தக் கேள்விக்குள் அடக்கம். 1995-இல் இன்டெல் வெளியிட்ட, தாய்ப்பலகைக்கும் மின்வழங்கிக்குமான தரமான ஏடிஎக்ஸ் இவை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் வரையறுக்கிறது.

> அப்படியானால் ‘அளவு வகை’ போதுமே?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஒரு 3.5 அங்குல வன்தட்டின் மேல் அளவுகோலை வைத்துப் பாருங்கள். அகலம் 4 அங்குலம்! அந்த 3.5 நெகிழ்வட்டுக் காலத்து எண். அந்த வட்டின் இயக்கி உட்கார்ந்த இடத்தில் இதுவும் உட்காரும், அவ்வளவுதான். இன்னொன்று: முழு ஏடிஎக்ஸ் பலகை 305 × 244 மிமீ, மினி ஐடிஎக்ஸ் என்ற சின்னப் பலகை வெறும் 170 மிமீ சதுரம். ஆனாலும் சின்னதன் நான்கு துளைகளும் பெரிய கேபினட்டின் தாங்குகால்கள் மேல் கச்சிதமாக விழும். அளவு வேறு, பொருந்துவது வேறு.

அதனால்தான் ‘பொருந்தமைவு’ என்கிறேன். ‘பொருத்தமைவு’ அல்ல, பொருத்துவது நம் வேலை, பொருந்துவது பாகத்தின் குணம். ‘அமர்வு’ இன்னும் அழகாக இருந்திருக்கும், அதை ஏற்கெனவே செஷனுக்குக் கொடுத்துவிட்டோம்.

> ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டுக்கான செயலி ஏஎம்5 சாக்கெட் உள்ள பலகையில் போகாது. அதுவும் பொருந்தாமைதானே? குழப்பாதா?

நியாயமான கேள்வி. ஆனால் அது செயலி உட்காரும் சாக்கெட்டின் சங்கதி: ஒன்றில் 1331 ஊசிகள், மற்றதில் 1718 தொடுமுனைகள். அதற்கு ‘இணக்கம்’ இருக்கிறது. பொருந்தமைவை உடல்வாகுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன் (எஸ்எஃப்எக்ஸ் என்பது ஏடிஎக்ஸைவிடச் சின்ன மின்வழங்கி வகை): “இந்த கேபினட் எஸ்எஃப்எக்ஸ் பொருந்தமைவு மின்வழங்கியை மட்டுமே ஏற்கும்.” கொஞ்சம் நீளம்தான், நாக்கு இடறவில்லை. இந்த வரியை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாட் கணக்கை மட்டும் பார்த்து ஏடிஎக்ஸ் மின்வழங்கி ஒன்றை வாங்கிவிட்டேன். அதன் முகம் 150 × 86 மிமீ. கேபினட்டில் விட்டிருந்த இடமோ 125 × 63.5 மிமீ. அரை மணி நேரம் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்ததுதான் மிச்சம்.

தாய்ப்பலகையிலேயே செருகும் சேமிப்பு அட்டையான எம்.2 எஸ்எஸ்டியின் 2280 என்ற வகை மட்டும் உதைக்கிறது. 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம், அச்சு அசலான அளவு அது. அங்கே ‘அளவு’ என்றே எழுதிவிடலாமா?