சிறுவர் மிஷனரி தினம்: ஐந்து மேசையா, ஒரே ஆளா?

கரும்பலகை:
60 பிள்ளைகள், 5 முதல் 12 வயது வரை. 90 நிமிடம் இருக்கிறது. ஐந்து மேசை போட்டு மேசைக்கு ஒரு மிஷனரி என்று வைக்கலாமென்று திட்டம். 12 பேர் கொண்ட குழுக்களாகச் சுற்றி வருவார்கள். ஆளுக்கொரு 'பாஸ்போர்ட்', மேசை முடிந்ததும் ஒரு முத்திரை. மேசைக்கு 12 நிமிடம், மாற 2 நிமிடம், மொத்தம் சுமார் 70. மீதி நேரம் பாட்டு, வசனம், ஜெபம். ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

பென்சில்முனை:
நேரக் கணக்கே ஓட்டைதான், பிரதர். 12 பிள்ளைகளை எழுப்பி, செருப்பைத் தேடிக் கொடுத்து, அடுத்த மேசையில் உட்கார வைக்க 2 நிமிடம் போதாது, 5 ஆகும். மிஞ்சும் நேரத்தில் கதையைச் சொன்னால் கைவேலை பாதியில் நிற்கும், கைவேலையை முடித்தால் கதை போகும். மூன்றாவது மேசையில் "முத்திரை எப்போ?" என்ற கேள்வி மட்டும்தான் வரும். வங்காளத்துச் செராம்பூரில் இருந்த வில்லியம் கேரி ஆப்பிரிக்காவுக்கும், ஆப்பிரிக்காவில் இருந்த லிவிங்ஸ்டன் செராம்பூருக்கும் பிள்ளைகள் மனதில் இடம் மாறிப்போவது இப்படித்தான்.

ஒரே ஆளை எடுங்கள். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவையே எடுக்கலாம். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கியவர், சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுத்துப் பழகினார். பிள்ளைகள் அதையே செய்து பார்க்கட்டும்.

எல்லாருக்கும் சேர்த்துக் கதை ஒரே தடவை, 20 நிமிடம். பிறகு 20 பேராக மூன்று மேசை: மணல், அச்சு, கடிதம். மேசைக்கு 15, இடையில் இரண்டு முறை மாற 10. ஆக 75.

கரும்பலகை:
அதுவும் சுற்றுதானே, சிஸ்டர்! மேசை குறைந்தது, அவ்வளவுதான். அதோடு ஒரே ஒரு ஆண் மிஷனரி என்றால் பெண் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? 1918-ல் வேலூரில் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கிய ஐடா ஸ்கடரை விட்டுவிட்டு மிஷனரி தினமா?

பென்சில்முனை:
அவருக்கு அடுத்த வருஷம் ஒரு முழு நாள் கொடுங்கள். 12 நிமிடத்தில் அவரையும் அடக்கினால் பெயர்தான் பதியும், ஆள் பதியமாட்டார்.

மூன்றாம்மணி:
இருவருமே உடையை மறந்துவிட்டீர்களே. ஒரு பிள்ளைக்கு நீள அங்கி, தொப்பி. மற்றவர்கள் முகத்தில் சாயம் பூசி, இலை கட்டி 'சுவிசேஷம் கேளாத மக்கள்'. நாடகம் 10 நிமிடம். பெற்றோர் ரசிப்பார்கள்.

நூல்கண்டு:
அது மட்டும் வேண்டாமய்யா. மிஷனரி வரும்வரை அங்கிருந்தவர்கள் காட்டுமிராண்டிகள் என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும். வரலாறும் அப்படி இல்லை. சீகன்பால்கு இங்கே வந்து உட்கார்ந்தது மாணவராக. தமிழ் நூல்களைச் சேர்த்தார், தமிழாசிரியரிடம் பாடம் கேட்டார். நாடகம் போட்டே ஆகவேண்டுமென்றால் ஆசிரியர் வேடத்தை முக்கிய வேடமாக வையுங்கள். உச்சரிப்பைத் திருத்துகிறவர் அவர், தடுமாறுகிறவர் மிஷனரி. சிரிப்புக்கும் குறைவிருக்காது.

மூன்றாம்மணி:
சாயத்தை விடுகிறேன். ஆனால் வெறும் மேசை வேலை வகுப்பறை மாதிரி ஆகிவிடும். அந்த ஆசிரியர் காட்சியைக் கதையின் நடுவில் 3 நிமிடம் வைக்கலாம்.

பென்சில்முனை:
சரி. மணல் மேசைக்கு அளவு சொல்லிவிடுகிறேன். ஏ4 அளவுத் தட்டு 20, அடியில் கறுப்புத் தாள். மணல் அரை செ.மீ. உயரம் போதும். ஒரு செ.மீ. கொட்டினால் ஓரம் சரிந்து கோடு மூடிப்போகும். தட்டுக்கு அரைக் கிலோ, மொத்தம் 10 கிலோ. சலித்து, முந்தின நாளே வெயிலில் உலர்த்த வேண்டும்; ஈர மணல் விரலோடு ஒட்டிக்கொண்டு வரும். மணலுக்குப் பதில் உப்பு வேண்டாம், கீறல் பட்ட விரலில் எரியும்.

நூல்கண்டு:
அச்சு மேசையில்தான் எல்லாம் கவிழும். அட்டைக் கட்டையில் ஃபோம் எழுத்தை ஒட்டும்போது இடவலம் மாற்றி ஒட்ட வேண்டும். சோதித்துப் பார்க்க 'ப'வை எடுக்காதீர்கள், திருப்பினாலும் அது 'ப'தான். 'ட'வை எடுங்கள், தப்பு உடனே தெரியும். வண்ணத்தை ஸ்பாஞ்சால் ஒற்ற வேண்டும். தூரிகையால் பூசினால் 'ண', 'ஞ' சுழிகள் அடைத்து வெறும் கறையாக விழும்.

"தேவன் அன்பாகவே இருக்கிறார்" வசனத்தில் 14 எழுத்து. முதலில் 6 செ.மீ. சதுரக் கட்டைகளைக் கொடுங்கள். ஏ4 தாளில் வரிக்கு 3, நான்கு வரி, 12-தான் கொள்ளும். இரண்டு எழுத்து கையில் மிஞ்சும். பிறகு 3 செ.மீ. கட்டைகள், வரிக்கு ஒரு சொல், மூன்று வரியில் முடிந்துவிடும். சீகன்பால்குவின் அச்சகத்துக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால்தான் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுதாக அச்சேறியதைச் சொல்ல வேண்டிய இடம் இதுதான்.

கரும்பலகை:
20 பிள்ளைகள் ஆளுக்கொரு தாள் அச்சடித்தால் 15 நிமிடத்தில் முடியாது. ஒரு தாளுக்கே நாலு நிமிடம் போகும்.

நூல்கண்டு:
குழுவுக்கு ஒரே தாள். 14 பேர் ஆளுக்கொரு எழுத்து, மீதி 6 பேர் வண்ணம் ஒற்ற. சின்னவர்களுக்கு வண்ண வேலையைக் கொடுக்காதீர்கள், சட்டை போய்விடும்.

மூன்றாம்மணி:
கடித மேசையில் 60 பிள்ளைகளும் களத்திலிருக்கிற மிஷனரிக்கு எழுதி, படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடலாமா?

பென்சில்முனை:
வேண்டாம். சில இடங்களில் அந்தப் படமே அவருக்கு ஆபத்து. பெயர், ஊர் எதுவும் வெளியே போகக்கூடாது. பிள்ளை தன் முதற்பெயரும் வயதும் மட்டும் எழுதட்டும். பள்ளி, முகவரி, புகைப்படம் கூடாது. எழுத வராதவர்கள் படம் வரையலாம். அவரை அனுப்பிய ஊழியத்தைக் கேட்டு, அவர்கள் வழியாகவே ஒரே உறையில் அனுப்புங்கள். 60 கடிதத்துக்கும் அவர் தனித்தனியே பதில் போடவேண்டும் என்று பிள்ளைகளிடம் ஆசை காட்டாதீர்கள்.

கரும்பலகை:
மூன்று மேசைக்கு வந்துவிட்டேன். மேசைக்கு இரண்டு பெரியவர்கள், குழுவோடு நடக்க ஒருவர், ஆக 9 பேர் வேண்டும். ஆனால் பாஸ்போர்ட்டை விடமாட்டேன். வீட்டில் அப்பா அம்மாவிடம் காட்ட கையில் ஏதாவது வேண்டாமா?

பென்சில்முனை:
காட்ட அச்சடித்த தாள் இருக்கிறதே.

கரும்பலகை:
அது குழுவுக்கு ஒன்றுதானே!

நூல்கண்டு:
பாஸ்போர்ட் என்றால் பளபளப்புத் தாளில் போடாதீர்கள், முத்திரை மை காயாமல் மடிப்பில் இழுபடும். முத்திரையைக் குழுவோடு நடப்பவர் கையில் கொடுங்கள்; மேசையில் வைத்தால் வரிசை கட்டி நிற்பார்கள்.

பென்சில்முனை:
மூன்று மேசையும் முடிந்த பிறகு ஒரே முத்திரை என்றால் எனக்குச் சம்மதம்.

கரும்பலகை:
மூன்றுதான்.