டூல் மாறினால் ஆழமும் மாறுகிறது: ஏடிசி ரவுட்டரில் எங்கே பார்ப்பது?

கேள்வி

வணக்கம். மாடுலர் கிச்சன் வேலைக்காக ஏடிசி ரவுட்டர் (பிட்டைத் தானே மாற்றிக்கொள்ளும் சிஎன்சி மெஷின்) வாங்கியிருக்கிறோம். ஸ்பிண்டிலில் மாட்டுவது ஐஎஸ்ஓ30 ஹோல்டர், அதற்குள் பிட்டைக் கவ்விப் பிடிப்பது இஆர்32 காலட். இதுவரை கையால் பிட் மாற்றும் மெஷின்தான் ஓட்டியிருக்கிறேன். 18 மி.மீ. எம்டிஎஃப் பலகை மேல் டி1-ஐ (முதல் டூல்) தொட வைத்து இசட் சைபர் (உயரத்தின் தொடக்கப் புள்ளி) எடுத்தேன். டி1 சரியாக வெட்டுகிறது. டி2 (6 மி.மீ. அப்கட் பிட்) அடியில் போட்டிருக்கும் ஸ்பாயில்போர்டுக்குள் இறங்கிவிட்டது. டி3 பலகையைத் தொடவே இல்லை. எல்லா டூலின் நீளத்தையும் டூல் செட்டரில் (நீளம் அளக்கும் சென்சார்) அளந்தாயிற்று, கண்ட்ரோலரின் டூல் டேபிளில் நீளமும் தெரிகிறது. இன்னொன்று, டி2-வில் மட்டும் வெட்ட வெட்ட ஆழம் கூடிக்கொண்டே போகிறது. விற்றவர் போன் எடுப்பதில்லை.

பதில் 1

டேபிளில் நீளம் இருந்தால் போதாது தம்பி, புரோகிராம் அதைக் கூப்பிட வேண்டும். ஜி-கோடைத் திறந்து, டி2 எம்6-க்குப் (டூல் மாற்றும் கட்டளை) பிறகு ஜி43 எச்2 (டேபிளில் உள்ள 2-ஆம் நீளத்தைக் கணக்கில் எடு என்ற கட்டளை) இருக்கிறதா பாருங்கள். பழைய மெஷினின் போஸ்ட் பிராசஸரையே (டிசைனை ஜி-கோடாக மாற்றித் தரும் அமைப்பு) வைத்திருந்தால் அந்த வரி வராமல் போயிருக்கலாம். எல்லா டூலுக்கும் எச்1 என்றே வந்தாலும் இதே கூத்துதான். சில கண்ட்ரோலரில் எம்6 மேக்ரோவே நீளத்தைப் போட்டுவிடும், அதையும் பார்த்துவிடுங்கள்.

ஜி43 சேர்த்தவுடன் ஓட்டிவிடாதீர்கள். நீங்கள் எடுத்த சைபரில் டி1-இன் நீளமும் கலந்திருக்கும். ஜி54-இல் (சைபர் பதிவாகும் இடம்) பலகையின் உயரம் மட்டுமே இருக்க வேண்டும். எனவே டி1-ஐ ஸ்பிண்டிலில் ஏற்றி, ஜி43 எச்1 கொடுத்து, அது செயலில் இருக்கும்போதே சைபரைப் புதிதாக எடுங்கள். முதல் ஓட்டம் ஜி54 இசட்டை 50 மி.மீ. உயர்த்தி, காற்றில்.

சைபரைப் பலகை மேல் எடுப்பதைவிட ஸ்பாயில்போர்டில் எடுப்பதுதான் எனக்குப் பிடிக்கும். 18 என்று வரும் பலகை எல்லாம் சரியாக 18 இருப்பதில்லை.

பதில் 2

அண்ணன் சொன்னது முதல் கோளாறுக்கு. ஆழம் கூடிக்கொண்டே போவது வேறு விஷயம். அப்கட் பிட் மரத்தூளை மேலே தள்ளும்போது, தன்னைத் தானே கீழே இழுத்துக்கொள்ளும். காலட் பிடி தளர்ந்தால் பிட் மெல்ல வெளியே நழுவும். நட்டை ஒட்டி ஷேங்கில் (பிட்டின் தண்டு) மார்க்கரால் ஒரு கோடு போட்டு, ஒரு பலகை வெட்டிப் பாருங்கள். கோடு நட்டை விட்டு விலகியிருந்தால் நழுவுகிறது என்று அர்த்தம்.

முதலில் காலட்டை நட்டுக்குள் சாய்த்து, ‘டக்’ என்று உட்கார வையுங்கள். அப்புறம்தான் ஹோல்டரில் திருக வேண்டும். பலர் காலட்டை ஹோல்டரில் போட்டுவிட்டு மேலே நட்டை மாட்டுகிறார்கள். பிட் ஆடுவதற்கும் காலட் கெடுவதற்கும் அதுவே காரணம். ஷேங்க் காலட்டின் முழு நீளத்துக்கும் உள்ளே இருக்கட்டும், பல் பகுதி உள்ளே போகக்கூடாது. காலட் பிளவுகளில் எம்டிஎஃப் தூளும் பிசினும் அடைந்திருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. தேய்ந்த காலட்டைத் தூக்கிப் போடுங்கள், ஒரு பலகையின் விலைகூட வராது.

கேட்டவர்

ஜி43 வரியே இல்லை. ஏடிசிக்கான போஸ்ட் போட்டு, சைபர் புதிதாக எடுத்ததும் மூன்று டூலும் ஒரே ஆழத்தில் வெட்டுகின்றன. மார்க்கர் கோடும் நகர்ந்தது. காலட்டில் கறுப்பாகப் பிசின். புது காலட் போட்டுவிட்டேன். டி2 நீளத்தை மறுபடி அளக்க வேண்டுமா?

பதில் 1

கண்டிப்பாக. நட்டைத் தளர்த்தினாலே பழைய நீளம் செல்லாது. அளந்தபின் அதே டூலை ரேக்கில் விட்டு, எடுத்து, மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒத்துவரவில்லை என்றால் ஹோல்டர் டேப்பரில் (கூம்புப் பகுதி) தூசி, இல்லை புல் ஸ்டட் (ஸ்பிண்டில் ஹோல்டரைப் பிடித்து இழுக்கும் குமிழ்) லூஸ்.

கேட்டவர்

0.01 மி.மீ. தான் வித்தியாசம். நன்றி அண்ணா, நாளைக்கு டி4-இல் கீல் துளைக்கான 35 மி.மீ. பிட்டை ஏற்றுகிறேன்.

பதில் 2

அதற்கு ஸ்பிண்டில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். 6 மி.மீ. பிட்டின் 18,000 ஆர்பிஎம்மில் அதைச் சுற்றவே கூடாது. பிட்டில் போட்டிருக்கும் உச்ச வேகத்தைத் தாண்ட வேண்டாம்.