வீட்டில் கார் வேலை செய்ய 300 வெள்ளிக்குள் பேட்டரி இம்பாக்ட் ரெஞ்ச்: எதைப் பார்த்து வாங்குவது?

ஈசூன்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என்னுடைய கார் 2014ஆம் ஆண்டு பதிவான டொயோட்டா வியோஸ். பத்தாண்டு முடிந்தபோது, சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழை மேலும் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்துக்கொண்டேன். பத்தாண்டைக் கடந்த கார் என்பதால் ஆண்டுதோறும் பரிசோதனைக்குக் கொண்டுசெல்ல வேண்டியுள்ளது. சாலை வரியிலும் கூடுதல் கட்டணம் சேர்ந்துவிட்டது. ஆகவே பிரேக் பேட் மாற்றுவது, டயர்களை இடம் மாற்றிப் போடுவது போன்ற வேலைகளையாவது நானே செய்துகொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். அதற்காக, இறுகிய நட்டைத் தொடர் அடிகளால் கழற்றும் இம்பாக்ட் ரெஞ்ச் ஒன்று வாங்க எண்ணுகிறேன். நான் குடியிருப்பது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில். அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் இவ்வேலைகளைச் செய்வது முறையல்ல என்பதால், செம்பவாங்கில் உள்ள என் அண்ணனின் தரைவீட்டு முன்றிலைத்தான் பயன்படுத்தப்போகிறேன்.

இந்த எண்ணம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஜூன் பள்ளி விடுமுறையில் குடும்பத்துடன் மலாக்கா சென்று திரும்பும் வழியில், யோங் பெங் அருகே நெடுஞ்சாலையில் பின்சக்கரம் ஒன்று காற்றிழந்தது. காரோடு வந்த ஸ்பானரின் மேல் ஏறி நின்று மிதித்தும் நான்கு நட்டுகளில் இரண்டு அசையவே இல்லை. மனைவியும் பிள்ளைகளும் சாலைத் தடுப்புக்கு அப்பால் வெயிலில் ஒரு மணி நேரம் நின்றார்கள். நெடுஞ்சாலை ரோந்து ஊழியர் ஒருவர் ஸ்பானரில் நீண்ட இரும்புக் குழாயைச் செருகி அழுத்திய பிறகுதான் அவை கழன்றன. அதற்கு மூன்று வாரம் முன்புதான் ஒரு கடையில் டயர் மாற்றியிருந்தேன். காற்றுக் கருவியைக் கொண்டு அளவு பாராமல் இறுக்கியிருக்கிறார்கள்.

என் ஐயம் இதுதான். இணையத்தில் ‘288 வோல்ட், 1000 நியூட்டன் மீட்டர்’ என்று எழுதப்பட்ட, பெயர் கேள்விப்படாத கருவிகள் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. பெயர்பெற்ற நிறுவனங்களின் கருவிகளோ 300 நியூட்டன் மீட்டர் என்று மட்டுமே சொல்லிக்கொண்டு, அதைவிட அதிக விலைக்கு விற்கப்படுகின்றன. என் வேலைக்கு உண்மையில் எவ்வளவு முறுக்கு விசை (நியூட்டன் மீட்டரில் அளக்கும் திருகும் வலு) வேண்டும்? 300 வெள்ளிக்குள் அடக்க முடியுமா? அண்ணனிடம் மக்கீட்டா 18 வோல்ட் டிரில் ஒன்றும், அதற்கான 5 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டும் இருக்கின்றன.

பழைய பட்டறைக்காரர்

தம்பிக்கு வணக்கம். காக்கி புக்கிட்டில் கார் பட்டறை ஒன்றில் 22 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கருவியின் பெட்டியில் அச்சிட்ட எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால், நீங்கள் கழற்றப்போகும் போல்ட்டின் எண்ணைப் பாருங்கள். உங்கள் வியோஸின் சக்கர நட்டுகளை இறுக்க வேண்டிய அளவு 103 நியூட்டன் மீட்டர். அதற்கு 21 மில்லிமீட்டர் சாக்கெட் (நட்டின் மேல் பொருந்தும் குழல்) வேண்டும். பிரேக் காலிப்பரை (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) பிடித்திருக்கும் தாங்கியின் போல்ட்டுகளும் ஏறக்குறைய அதே அளவில்தான் இறுக்கப்பட்டிருக்கும். காலிப்பரின் நகரும் பின்களில் உள்ள சிறு போல்ட்டுகளுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். அவற்றைச் சாதாரண கை ஸ்பானரால் கழற்றிவிடலாம். நீங்கள் எப்போதாவது தொட நேரக்கூடியவற்றில் மிகவும் இறுக்கமானது முன்சக்கர ஆக்சில் நட். அது 200 நியூட்டன் மீட்டரைத் தாண்டும்.

இறுக்கிய அளவைவிடக் கழற்றும் அளவு கூடுதலாக வேண்டும் என்பது உண்மை. ஆயினும் எவ்வளவு கூடுதல் என்பது ஊரைப் பொறுத்தது. காணொளிகளில் அமெரிக்கர்களும் கனடாக்காரர்களும் 1000 நியூட்டன் மீட்டர் கருவி இல்லாமல் வேலையே நடக்காது என்று பேசுவதற்குக் காரணம், அங்கே குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு காரின் அடிப்பகுதியை அரித்து, நட்டையும் போல்ட்டையும் ஒரே இரும்புக் கட்டியாக்கிவிடுவதுதான். நம் ஊரில் ஈரப்பதம் அதிகமே தவிர, சாலையில் உப்பு கிடையாது. என் அனுபவத்தில், பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய சிங்கப்பூர்க் கார்களின் சக்கர நட்டுகள் துருவால் சிக்கியதைவிட, யாரோ அளவுமீறி இறுக்கியதால் சிக்கியவையே மிகுதி. உங்களுக்கு யோங் பெங்கில் நேர்ந்ததும் அதுவே.

ஆகவே இறுக்கும் விசை 300 நியூட்டன் மீட்டர் அளவில் உள்ள, அரை அங்குலச் சதுர முனை கொண்ட 18 வோல்ட் கருவி உங்களுக்குத் தாராளமாகப் போதும். மக்கீட்டாவின் டிடிடபிள்யூ 300 கருவிக்கு 330 என்றும், இறுகிய நட்டைக் கழற்றும்போது 580 என்றும் நிறுவனம் குறிப்பிடுகிறது. பாஷ் நிறுவனத்தின் ஜிடிஎஸ் 18வி-300 கருவியும் ஏறக்குறைய அதே வகையைச் சேர்ந்தது. உங்களிடம் மக்கீட்டா பேட்டரி இருப்பதால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். பேட்டரியும் சார்ஜரும் இல்லாமல் கருவியை மட்டும் வாங்குங்கள். அமெரிக்க விளம்பரங்களில் வரும் எண் பவுண்டு அடியில் இருக்கும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். 250 பவுண்டு அடி என்றால் 339 நியூட்டன் மீட்டர்.

இக்கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை அறிந்தால் இதன் எல்லையும் விளங்கும். மோட்டார் சுழற்றும் கனமான சுத்தி, எதிர்ப்பு கூடியவுடன் சுருள்வில்லைச் சுருக்கிப் பின்வாங்கி, விடுபட்டு, முனையின் பின்புறத்தில் மோதுகிறது. இத்தகைய மோதல்கள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் நிகழ்கின்றன. ஆகவேதான் கையில் திருகல் தெரியாமல் நட் மட்டும் கழல்கிறது. இதே காரணத்தால், எத்தனையாவது அடியில் 103 நியூட்டன் மீட்டர் வந்தது என்று கருவிக்கும் தெரியாது, பிடித்திருப்பவருக்கும் தெரியாது. அதனால் இதைக் கழற்றுவதற்கு மட்டுமே பயன்படுத்துங்கள். மாட்டும்போது நட்டுகளை முதலில் விரலால் திருகி, பிறகு கை ஸ்பானரால் எதிரெதிராக இறுக்கி, சக்கரத்தை இலேசாகத் தரையில் பதியவிட்டு, குறித்த அளவில் இறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் 103இல் முடியுங்கள். திருகில் எண்ணெய் தடவ வேண்டாம். எண்ணெய் தடவினால் அதே 103இல் ஸ்டட் (நட் ஏறும் திருகுத் தண்டு) அதிகமாக இழுபடும். ஸ்டட் அறுந்து, சக்கரத்தில் மூன்று நட்டுகளோடு பட்டறைக்கு வந்த கார்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் காரணம் ஒன்றுதான்: யாரோ இந்தக் கருவியாலேயே இறுக்கி முடித்திருந்தார்கள்.

சாக்கெட்டில் சிக்கனம் பார்க்காதீர்கள். பளபளக்கும் குரோம் சாக்கெட் இந்த அடியைத் தாங்காமல் வெடித்துச் சிதறக்கூடும். இம்பாக்ட் வேலைக்கென்றே செய்யப்பட்ட கறுப்பு நிற, ஆறு முனைச் சாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். அலாய் சக்கரமாக இருந்தால், வெளிப்புறம் பிளாஸ்டிக் உறையிட்ட மெல்லிய சாக்கெட் கிடைக்கிறது. சக்கரத்தில் கீறல் விழாது.

புக்கிட் பாத்தோக் ஓட்டுநர்

ஐயா சொன்ன அளவுகளை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதே அளவுகளை வைத்து நான் வேறு முடிவுக்கு வருகிறேன். காரோடு வரும் ஸ்பானரின் நீளம் ஏறக்குறைய 25 செண்டிமீட்டர். 70 கிலோ எடையுள்ளவர் அதன் நுனியில் ஏறி நின்றாலும் 170 நியூட்டன் மீட்டருக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். 60 செண்டிமீட்டர் நீளமுள்ள பிரேக்கர் பாரின் (இறுகிய நட்டைத் திருப்பும் நீண்ட கம்பி) நுனியில் 50 கிலோ அழுத்தம் கொடுத்தாலே ஏறக்குறைய 295 கிடைத்துவிடும். அந்த ரோந்து ஊழியர் குழாயைச் செருகிச் செய்ததும் இதைத்தான். ஆண்டுக்கு இரண்டு முறை பதினாறு நட்டுகளைக் கழற்றுவதற்கு ஒரு பிரேக்கர் பாரும் டார்க் ரெஞ்சும் போதும். மீதிப் பணத்தில், தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் தரமான ஆக்சில் ஸ்டாண்டு ஓர் இணை வாங்கலாம். மேலும், உங்களைத் தவிக்கவிட்டது வீட்டு முன்றில் அல்ல, நெடுஞ்சாலை. நம் வெயிலில் காரின் பின்பெட்டியில் லித்தியம் பேட்டரியை வைத்துக்கொண்டு திரிய முடியாது. இரும்புக் கம்பியை வைக்கலாம்.

ஈசூன்வாசி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஸ்பானரின் நீளத்தைக் கணக்கிட்டுக் காட்டிய பிறகுதான் அன்று என்ன நடந்தது என்பதே எனக்கு விளங்கியது. பிரேக்கர் பாரைக் கட்டாயம் வாங்கிவிடுகிறேன். எனினும் எனக்கு வலது தோள்பட்டையில் பழைய காயம் ஒன்று உண்டு. காலிப்பர் தாங்கியின் போல்ட்டுகளைக் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு நீண்ட கம்பியால் திருப்ப இயலாது. அங்கே கம்பியைச் சுழற்றுவதற்கு இடமும் இல்லை. ஆகவே கருவியையும் வாங்கவே விரும்புகிறேன். அந்த ‘288 வோல்ட்’ கருவிகளைப் பற்றி யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும். என் அலுவலக நண்பர் ஒருவர் அதைத்தான் வாங்கச் சொல்லி வற்புறுத்துகிறார்.

தெம்பனீஸ் மின்னியலாளர்

பேட்டரித் துறையில் வேலை செய்பவன் என்ற முறையில் இதற்கு நான் பதில் சொல்கிறேன். கையடக்கக் கருவியின் பேட்டரிக்குள் இருப்பவை லித்தியம் அயான் செல்கள். ஒரு செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட், முழுமையாக ஏற்றியபோது 4.2 வோல்ட். ஐந்து செல்களைத் தொடராக இணைத்தால் 18 வோல்ட், முழு ஏற்றத்தில் 21 வோல்ட். ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்று சில நிறுவனங்கள் எழுதுவதும் இதே ஐந்து செல்களைத்தான். 288 வோல்ட் வேண்டுமென்றால் எண்பது செல்களைத் தொடராக இணைக்க வேண்டும். அது உள்ளங்கை அளவுப் பெட்டிக்குள் அடங்காது. ஆகவே அந்த எண் மின்னழுத்தமே அல்ல, வெறும் விற்பனைப் பெயர். வோல்ட்டைப் பற்றி இப்படி எழுதுபவர் முறுக்கு விசையைப் பற்றி எழுதிய 1000 என்ற எண்ணை மட்டும் ஏன் நம்ப வேண்டும் என்று உங்கள் நண்பரைக் கேளுங்கள்.

பேட்டரியின் கொள்ளளவும் விசையைப் பாதிக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2 ஆம்பியர் மணி சிறு பேட்டரியில் பொதுவாக ஐந்து செல்கள் ஒரே வரிசையாக இருக்கும். 5 ஆம்பியர் மணி பேட்டரியில் இரண்டு வரிசைகளாகப் பத்துச் செல்கள் இருப்பது வழக்கம். மோட்டார் திடீரென்று மின்னோட்டத்தை இழுக்கும்போது சிறு பேட்டரியின் வோல்ட் சரிந்து, அடியும் பலவீனமாகும். உங்கள் அண்ணனின் 5 ஆம்பியர் மணி பேட்டரிகள் இந்த வேலைக்குப் பொருத்தமானவை. ஆனால் அவை அசல்தானா என்று பார்த்துவிடுங்கள். மக்கீட்டா போலிப் பேட்டரிகள் இணையத்தில் தாராளமாக உலவுகின்றன. போலியானவற்றில் செல்களைச் சமநிலைப்படுத்தும், சூடேறினால் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சுற்று சரியாக இருப்பதில்லை. ஆள் இல்லாத நேரத்தில் அவற்றைச் சார்ஜ் செய்வது ஆபத்து.

வெளிநாட்டிலிருந்து சார்ஜருடன் சேர்த்து வரவழைக்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். ஜப்பானியச் சார்ஜர் 100 வோல்ட்டுக்கும் அமெரிக்கச் சார்ஜர் 120 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டவை. நம் 230 வோல்ட்டில் செருகினால் பாழாகிவிடும். மேலும் 2023 முதல், பதிவுபெற்ற வெளிநாட்டு இணைய விற்பனையாளர்கள் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் பொருள் சேவை வரி வசூலிக்கிறார்கள். அது 2024 முதல் 9 விழுக்காடு. அதையும் கூட்டிப் பார்த்தால், உள்ளூர் உத்தரவாதத்துடன் ஜாலான் புசார் வட்டாரக் கடைகளில் வாங்குவதற்கும் இணையத்தில் வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு பல நேரங்களில் சொற்பமே. பழைய கருவியை வாங்குவதென்றால் நேரில் சென்று, உங்கள் பேட்டரியைப் பொருத்தி, முனையை விரலால் அசைத்துப் பார்த்து வாங்குங்கள்.

பழைய பட்டறைக்காரர்

தோள்பட்டைக் காயம் இருப்பதால் கருவி வாங்குவதே சரி. ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கையையோ தலையையோ நுழைக்காதீர்கள். ஆக்சில் ஸ்டாண்டைப் பற்றி அந்த நண்பர் சொன்னதைச் செலவோடு செலவாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கருவியை இயக்கும்போது காதடைப்பானும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணியுங்கள். 22 ஆண்டு அந்த ஓசையில் நின்றதால் என் இடது காது மந்தமாகிவிட்டது. அப்போது எனக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தாரை எண்ணி, ஞாயிறு காலையில் பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈசூன்வாசி

வாங்கிவிட்டேன். கருவி மட்டும், உறையிட்ட 21 மில்லிமீட்டர் சாக்கெட், பிரேக்கர் பார் ஆகியவை 300 வெள்ளியை ஒட்டி முடிந்தன. டார்க் ரெஞ்சும் ஸ்டாண்டும் அதற்கு மேல். நேற்று அண்ணன் வீட்டில் நான்கு சக்கரங்களையும் கழற்றி முன்பின்னாக மாற்றினேன். ரோந்து ஊழியர் கைபடாத மற்ற மூன்று சக்கரங்களின் நட்டுகள் கடையில் இறுக்கியபடியே இருந்தன. பெரும்பாலானவை இரண்டு விநாடிக்குள் கழன்றன. ஒன்று மட்டும் ஐந்தாறு விநாடி அடிவாங்கிய பிறகு விட்டது. எல்லாவற்றையும் கையால் மாட்டி 103இல் முடித்தேன். இன்று காலை துவாஸ்வரை ஓட்டிச் சென்று திரும்பியதும் மறுபடி டார்க் ரெஞ்சை வைத்துப் பார்த்ததில், வலப்பக்க முன்சக்கரத்தில் ஒரு நட் மட்டும் இம்மியளவு நகர்ந்தது. பிரேக் பேட் வேலை அடுத்த ஞாயிறு. பிரேக்கர் பாரைப் பழைய துண்டில் சுற்றி, மாற்று டயருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.