2.9 ஜிபிஏவோடு மெடிக்கல் ஸ்கூல்: டெக்சாஸில் யாராவது முயற்சி செஞ்சிருக்கீங்களா?

எல்லாருக்கும் வணக்கம். ஹூஸ்டன்ல இருக்கேன், ஐடி வேலை. 2013ல இங்கேயே கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சேன், ஜிபிஏ (4க்கு கிரேடு சராசரி) 2.9. இப்போ எம்.டி. (அமெரிக்காவுல டாக்டர் ஆகறதுக்கான டிகிரி) படிக்க ஆசை. (அம்மாகிட்ட இன்னும் சொல்லலை.)

கணக்குதான் உதைக்குது. பழைய 120 கிரெடிட்டோட புதுசா 40 கிரெடிட் எடுத்து எல்லாத்துலயும் ஏ வாங்கினாலும் 3.2ஐக்கூடத் தொடாது. திரும்ப எழுதின பாடத்துக்கும் ஆம்காஸ் (எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பச் சேவை) பழைய கிரேடைச் சேர்த்தே கணக்குப் போடுது. டி.ஓ. (ஆஸ்டியோபதி டாக்டர் பட்டம்) கல்லூரிகளுக்கான விண்ணப்பச் சேவையான ஆக்கோமாஸ்லயும் 2017லேர்ந்து அதே கதை. எஸ்.எம்.பி. (மெடிக்கல் ஸ்கூலுக்குத் தயார் பண்ற ஸ்பெஷல் மாஸ்டர்ஸ்) மாதிரி மாஸ்டர்ஸ் பண்ணினா அந்த கிரேடு தனியா நிக்கும், இளங்கலை எண் அசையாது. செலவும் ஜாஸ்தி.

டெக்சாஸ் ‘அகாடமிக் ஃப்ரெஷ் ஸ்டார்ட்’ எடுத்தவங்க இருக்கீங்களா? அதுல 10 வருஷத்துக்கு முந்தின கிரேடு எல்லாம், நல்லதும் சேர்த்தே, அட்மிஷன் கணக்குலேர்ந்து போயிடும்னு தெரியும். அப்போ டிகிரியையே மறுபடி படிக்க வேண்டி வந்துச்சா? இல்ல, போஸ்ட்-பேக்ல (டிகிரிக்கு அப்புறம் எடுக்கற இளங்கலைப் பாடங்கள்) நல்ல கிரேடும் எம்கேட்ல (மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வு) நல்ல ஸ்கோரும் வெச்சே இன்டர்வியூ வந்தவங்க உண்டா? கம்யூனிட்டி காலேஜ்ல (ரெண்டு வருஷ உள்ளூர் காலேஜ்) ஆர்கானிக் கெமிஸ்ட்ரி எடுத்தா மதிப்பாங்களா?

வேலையை விடாம சாயங்கால வகுப்புல முடிச்சவங்க அனுபவம்தான் எனக்கு ரொம்பத் தேவை. ‘வேண்டாம், விட்டுடு’ன்னாலும் காரணத்தோட சொல்லுங்க.