மறு: ‘சதுப்புத் தேன்காளான்’ சரிதானா?

> டெசார்மில்லாரியா எக்டைபா என்ற காளானுக்கு ஆங்கிலத்தில் ‘மார்ஷ் ஹனி ஃபங்கஸ்’ என்று பெயர், அதில் தேன் இருக்கிறது. தமிழில் நாமும் ‘சதுப்புத் தேன்காளான்’ என்றே வைத்துவிடலாமே.

வேண்டாம் அண்ணாச்சி. அந்தத் தேன் தொப்பியின் நிறத்தைச் சொல்ல வந்தது. எங்கள் ஆரியங்காவுப் பக்கம் இடி இடித்த மறுநாள் கூடையோடு கிளம்புகிறவர்களிடம் ‘தேன்காளான்’ என்று சொல்லிப் பாருங்கள், குழம்புக்கு ஆகுமா என்பதுதான் முதல் கேள்வியாக வரும். இது ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் முளைப்பது, சரி. ஆனாலும் அரிதாகிப்போன ஒன்றுக்கு நாக்கில் எச்சில் ஊறவைக்கும் பெயர் எதற்கு? தவிர, தேன்காளான் கூட்டத்துக்கு மரத்தின் வேரை அழுகவைக்கும் கெட்ட பெயர் வேறு. இது மரத்தைத் தொடாது. செத்த பாசியையும் கோரையையும் மக்கவைத்துப் பிழைக்கிறது.

> தேன்காளான்களின் பேரினப் பெயர் ‘ஆர்மில்லாரியா’. இதையும் அப்படியே எழுதினால் என்ன?

எழுதலாம். ஆனால் லத்தீனில் ‘அர்மில்லா’ என்றால் கைக்காப்பு. தண்டில் காப்பு மாட்டியதுபோல ஒரு வளையம் இருப்பதால் வந்த பெயர். நமக்குக் ‘காப்புக்காளான்’ கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. நம்முடைய காளானுக்கோ அந்த வளையமே கிடையாது. 2017இல் வளையமில்லாதவற்றைப் பிரித்து ‘டெசார்மில்லாரியா’ என்று தனிப் பேரினம் ஆக்கினார்கள். முதுகெலும்பிலி மாதிரி இதைக் ‘காப்பிலி’ என்கலாம்.

இதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷமும் உண்டு. ஐரோப்பாவின் காட்டுயிர்களைக் காக்கும் பெர்ன் ஒப்பந்தத்தின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி 2003இல் 33 காளான்களை முன்மொழிந்தார்கள், இதுவும் அதில் ஒன்று. பட்டியலில் ஏறவில்லை. ஆக, இரண்டு அர்த்தத்திலும் காப்பிலிதான்.

அடுத்தது இடம். ‘ஈரநிலம்’ என்றால் ஏரி, கழிமுகம் எல்லாமே அடங்கிவிடும். ‘சதுப்பு’ என்றதும் பிச்சாவரம்தான் கண்ணுக்கு வருகிறது. இது முளைக்கும் ‘ஃபென்’ என்பது அடியிலிருந்து நீர் ஊறிக்கொண்டே இருக்கும் பாசி நிலம். குளத்துப்புழையில் காட்டு ஜாதிக்காய் மரங்கள் நிற்கும் சதுப்புக்குப் போயிருந்தேன். வளைத்த முழங்கால்போல வேர்கள் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றன. ஓரத்தில் கால் வைத்தேன், செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. கூட வந்த ஆச்சி, “உளைல ஏன் இறங்குதே?” என்றாள். அந்த ‘உளை’தான் வேண்டும். அங்கே சதுப்பை வடித்து வயலாக்கினார்கள். ஐரோப்பாவில் இந்தக் காளானுக்கும் அதே கதி: வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள், உரம் கலந்த நீர் வந்து சேர்ந்தது. மேய்ச்சலும் புல்லறுப்பும் நின்ற இடங்களைப் புதர் மூடிக்கொண்டது.

> உளை என்றால் மன உளைச்சல் ஞாபகம் வருமே?

வரட்டுமே. ‘வலை’ என்றதும் மீனவரா ஞாபகத்துக்கு வருகிறார் இப்போது?

ஆக, ஆர்மில்லாரியா காப்புக்காளான், டெசார்மில்லாரியா காப்பிலி, டெசார்மில்லாரியா எக்டைபா உளைக்காப்பிலி. பொதுவாக ‘ஃபென்’ என்பதற்கு ‘ஊற்றுளை’ என்று போட்டுப் பார்த்தேன், ஊற்று + உளை என்று பிரிப்பதற்குள் வாசிப்பவர் திணறுவார் என்று தோன்றுகிறது. ‘ஊற்றுச்சதுப்பு’ பரவாயில்லையா? இலக்கணம் தெரிந்த ஐயா யாராவது சொல்லுங்கள்.