வீட்டு நாஸ்-க்கு ஹார்ட் டிஸ்க் வாங்கின அனுபவம் - வேலூர் சைடு ஆளுங்க சொல்லுங்க

காட்பாடி_கேமரா:
நமக்கு கல்யாண வீடியோ தொழில், முகூர்த்த மாசம் வந்தா டிஸ்க் ரொம்பிடும், அதான் ரெண்டு டிஸ்க் போடற நாஸ் (வீட்டு நெட்வொர்க்ல மாட்டி வைக்கற ஸ்டோரேஜ் பாக்ஸ்) ஒன்னு எடுத்தேன். பாக்ஸ் ஆன்லைன்ல வந்துடுச்சு, டிஸ்க் மட்டும் நேர்ல பாத்து வாங்கலாம்னு வேலூர் டவுனுக்குள்ள போனா கேட்ட கடையிலெல்லாம் எடுத்து நீட்டறது சிசிடிவிக்கு போடற டிஸ்க்தான். "அதுவும் இருபத்திநாலு மணி நேரம் ஓடும் சார், எல்லாம் ஒன்னுதான்". ஓடும், பொய் இல்ல, ஆனா அது கேமரா படத்த விடாம எழுதிக்கினே இருக்கறதுக்குன்னு செஞ்சது, நமக்கு இன்னாத்துக்கு? இன்னொரு கடையில கம்ப்யூட்டருக்கு போடற 4 டிபி, விலையும் கம்மி. லேபிள்ல இருந்த மாடல் நம்பர அங்கயே நின்னு போன்ல தட்டினேன், எஸ்எம்ஆர் டைப்னு வந்துச்சு. இதுல டேட்டா எழுதற ட்ராக்கெல்லாம் கூரை ஓடு மாதிரி ஒன்னுமேல ஒன்னு ஏறி இருக்கும், ஒரு இடத்த திருத்தணும்னா பக்கத்துல இருக்கறதையும் சேத்து எழுதணும். படத்த போட்டு மூடி வைக்க பரவால்ல, ரெய்டுல (ரெண்டு டிஸ்க்லயும் ஒரே டேட்டாவ எழுதி வைக்கறது) ஒரு டிஸ்க் புட்டுக்கினு புதுசு போட்டு ரீபில்ட் ஓடறப்ப, அதாவது மிச்ச டிஸ்க்ல இருந்து டேட்டா புதுசுக்கு ஏறறப்ப, நாக்கு தள்ளிடும். கடைசியா சீகேட் கம்பெனியோட நாஸ் டிஸ்க் ஐயன்வுல்ஃப் 4 டிபி ரெண்டு வாங்கினேன், சிஎம்ஆர் (ட்ராக் ஒன்னுமேல ஒன்னு ஏறாத டைப்), 3 வருஷ வாரண்டி. ஒன்னு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல, ஒன்னு ஆன்லைன்ல, ஒரே லாட்டா வந்து ரெண்டும் ஒன்னா மண்டைய போட வேணாம்னு.

ராணிப்பேட்டை_ராசா:
சூப்பர்ணே. டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) டிஸ்க் வாங்கறவங்க வெறும் ரெட்-னு பேர பாத்து எடுத்துடாதீங்க. அதுல சில மாடல் எஸ்எம்ஆர்னு 2020ல பெரிய பஞ்சாயத்தே ஆச்சு, அப்புறம்தான் சிஎம்ஆர்க்கு ரெட் பிளஸ்னு தனியா பேர் வச்சாங்க. 4 டிபில மாடல் நம்பர் ஈஎஃப்ஏஎக்ஸ்னு முடிஞ்சா எஸ்எம்ஆர், ஈஎஃப்ஆர்எக்ஸ்னு முடிஞ்சா சிஎம்ஆர். பழைய ஸ்டாக் இன்னும் சுத்துது.

குடியாத்தம்_குமார்:
மாட்டறது ஒரு வேலையே இல்ல, ட்ரேல வச்சு சைடு கிளிப்ப அழுத்தினா 3.5 இன்ச் டிஸ்க் உக்காந்துக்கும் (சில பாக்ஸ்ல ஸ்க்ரூ வேணும்). 4 டிபி போட்டு 3.6 காட்டுதுன்னு கடைக்காரர் கிட்ட சண்டைக்கு போவாதீங்க, கணக்கே அப்டிதான். புது டிஸ்க்ல உடனே படத்த ஏத்தாம ஸ்மார்ட் எக்ஸ்டெண்டட் டெஸ்ட் (டிஸ்க் தன்னைத்தானே முழுசா சோதிச்சுக்கறது) ஓட விட்டு படுங்க, காலைல பெண்டிங் செக்டார் (படிக்க முடியாம சந்தேகத்துல இருக்கற இடம்) சைபர் தவிர வேற எது காட்டினாலும் மாத்தி குடுக்க சொல்லுங்க. நம்ம ஊரு வெயிலுக்கு எங்க வைக்கறோம்ங்கறதும் முக்கியம். எங்க வீட்ல அட்டாலில இருந்துச்சு, கத்திரில டிஸ்க் சூடு 50 டிகிரி தாண்டிடுச்சு, கீழ ஹால்ல ஃபேன் காத்து படற மாதிரி வச்சதும் 42க்கு வந்துச்சு. யூபிஎஸ் யூஎஸ்பி வயர நாஸ்ல சொருகிடுங்க, கரண்ட் போனா தானா ஷட்டவுன் ஆயிக்கும்.

ஆற்காடு_பையன்:
அண்ணே, ரெண்டு டிஸ்க்லயும் ஒரே டேட்டா இருக்குன்னா தனியா பேக்கப் வேணாம்ல?

காட்பாடி_கேமரா:
வேணும்டா தம்பி. கை தவறி ஒரு ஃபோல்டர டெலீட் பண்ணா ரெண்டுலயும் சேந்தே போயிடும். நான் ஆல்பம் டெலிவரி ஆகற வரைக்கும் எக்ஸ்டெர்னல்ல ஒரு காப்பி போட்டு மாமியார் வீட்ல குடுத்து வச்சிருக்கேன், அதுக்கு எஸ்எம்ஆரே போதும்.